டிக்கெட்டோடு சாப்பாட்டையும் சேர்த்து புக் பண்ணலாமா? பூங்காவுக்குக் கிளம்பும் முன் ஒரு கணக்கு

கோடை லீவு நெருங்கினால் மதுரையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு. எங்கே போகலாம்? பக்கத்தில் என்றால் திண்டுக்கல் சாலையில் பரவை 'அதிசயம்'. கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் கொச்சி, பெங்களூரு. 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் 'வொண்டர்லா' திறந்த பிறகு அதுவும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இடம் முடிவானதும் யாராவது ஒருவர் மொபைலை எடுத்து டிக்கெட் புக் பண்ண ஆரம்பிப்பார். பெரும்பாலும் முதல் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிள்ளையாகத்தான் இருக்கும். பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை எல்லாம் போட்டு முடித்தபின் ஒரு கட்டம் வரும்: "மதியச் சாப்பாட்டையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், மிச்சம் பிடியுங்கள்."

அந்த இடத்தில்தான் பலரும் யோசிக்காமல் 'சரி' என்று தட்டிவிடுகிறார்கள். உள்ளே போனால் விலை கூட இருக்கும், வெளியிலிருந்து எதுவும் கொண்டுபோக விடமாட்டார்கள், எப்படியும் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்பது நினைப்பு. அந்த நினைப்பில் தப்பில்லை. ஆனால் அது பாதிக் கணக்குதான்.

மிச்சம் என்பது எதிலிருந்து?

முன்பணச் சாப்பாட்டுத் திட்டத்தை விற்கும் எல்லா இடத்திலும் ஒப்பீடு ஒரே மாதிரிதான் இருக்கும். "உள்ளே தனித்தனியாக வாங்கினால் 600 ரூபாய், இப்போது வாங்கினால் 400." இதில் 200 மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த 600 ரூபாய்க்கு நீங்கள் சாப்பிட்டிருப்பீர்களா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மெனு கார்டில் உள்ள விலையை விட்டுவிட்டு, நம் வீட்டு ஆட்கள் உண்மையில் எவ்வளவுக்கு வாங்கியிருப்பார்களோ அந்தத் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. பூங்காவுக்குப் பூங்கா மாறும். கணவன், மனைவி, எட்டு வயது மகள், 67 வயது அம்மா என நான்கு பேர். பஃபே திட்டம் பெரியவருக்கு 400, குழந்தைக்கு 300. மொத்தம் 1,500 ரூபாய். இதே குடும்பம் உள்ளே போய்த் தனித்தனியாக வாங்குகிறது: அவருக்கு சிக்கன் பிரியாணி 280, மனைவிக்கு வெஜ் ஃப்ரைடு ரைஸ் 220, மகள் உருளைக்கிழங்கு வறுவல் போதும் என்கிறாள் 120, அம்மாவுக்குத் தயிர்சாதம் 120. ஆளுக்கொரு ஐஸ்கிரீம் 60 வீதம் 240. கூட்டினால் 980. ஐந்து சதவீத ஜிஎஸ்டியோடு 1,029. திட்டத்தை வாங்கியிருந்தால் 471 ரூபாய் அதிகம் போயிருக்கும். அதுவும் அம்மா அந்த 400 ரூபாய் பஃபேயில் தேடிப் பிடித்துச் சாப்பிட்டிருக்கப் போவது அதே தயிர்சாதத்தைத்தான்.

இப்போது அதே பூங்காவுக்கு நான்கு கல்லூரி நண்பர்கள் போகிறார்கள். ஒரு ஆளுக்குப் பிரியாணி 280, சிக்கன் 65 ஒரு பிளேட் 180, ஐஸ்கிரீம் 60. மொத்தம் 520, வரியோடு 546. பஃபே 400-க்குக் கிடைத்தால் தலைக்கு 146 ரூபாய் லாபம். இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஆக, திட்டம் நல்லதா கெட்டதா என்பதைச் சாப்பிடும் ஆள்தான் முடிவு செய்கிறார். நான்கு பேர் போனால் நான்கு பேருக்கும் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லாத இடத்தில், நன்றாகச் சாப்பிடுபவருக்கு மட்டும் எடுத்து, மற்றவர்களுக்கு உள்ளே வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவதை பஃபேயில் அனுமதிக்க மாட்டார்கள். அங்கே வாக்குவாதம் செய்வதில் அர்த்தமில்லை, அது நியாயமான விதிதான்.

குழந்தை விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பல பூங்காக்கள் குழந்தை டிக்கெட்டை வயதை வைத்துத் தருவதில்லை, உயரத்தை வைத்துத்தான் தருகின்றன. பத்து வயதுப் பிள்ளை கொஞ்சம் நெடுநெடுவென வளர்ந்திருந்தால் சாப்பாட்டுக்கும் பெரியவர் கட்டணம் விழலாம். வயிறு என்னவோ பத்து வயது வயிறுதான். புக் பண்ணும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி ஒரு அளவு எடுத்துவிடுவது நல்லது.

டிஸ்னி கற்றுத்தரும் பாடம்

இந்த வியாபாரத்தின் பெரிய பள்ளிக்கூடம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு. அங்கே 2005-இல் 'டைனிங் பிளான்' தொடங்கியது. கொரோனா காலத்தில், 2020-இல் நிறுத்தினார்கள். 2024 ஜனவரி 9 முதல் மறுபடி வந்தது. டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு, தங்கும் இரவுக்கு இத்தனை 'கிரெடிட்' என்று கணக்கு. சின்ன திட்டத்தில் ஒரு இரவுக்கு கவுன்டரில் வாங்கும் சாப்பாடு இரண்டு, நொறுக்குத்தீனி ஒன்று. பெரிய திட்டத்தில் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து ஒன்று சேரும்.

அங்கே போய்வரும் அமெரிக்கக் குடும்பங்கள் இதற்கென்றே ஒரு தனிக் கலையை வளர்த்து வைத்திருக்கின்றன. ஒரு கிரெடிட்டுக்கு எதை வாங்கினாலும் அது ஒரு கிரெடிட்தான் என்பதால், விலை குறைந்ததைக் கையில் காசு கொடுத்து வாங்குவது, விலை கூடியதற்கு மட்டும் கிரெடிட்டைச் செலவழிப்பது. ஒரே கவுன்டரில் பத்து டாலர் பொருளுக்கும் இருபது டாலர் பொருளுக்கும் ஒரே கிரெடிட் போகும்போது, பத்து டாலர் பொருளை எடுப்பவர் தெரியாமலே பாதியை விட்டுவிட்டு வருகிறார். கிளம்பும் நாள் நள்ளிரவோடு கிரெடிட் எல்லாம் காலாவதி. அதனால் கடைசி நாளில் மிச்சமிருக்கும் நொறுக்குத்தீனி கிரெடிட்டுக்கு மிட்டாய்ப் பாக்கெட்டாக வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அறையில் மூன்று வயதுக்கு மேற்பட்ட அனைவரும் ஒரே திட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. அதாவது நம் உதாரணத்தில் வரும் தயிர்சாத அம்மாவை அங்கே விட்டுவிட முடியாது.

நம் ஊர்ப் பூங்காக்களில் இவ்வளவு சிக்கல் இல்லை. பெரும்பாலும் ஒரு நாள், ஒரு மதியச் சாப்பாடு, மிஞ்சினால் ஒரு ஸ்நாக்ஸ் கூப்பன். ஆனாலும் அடியில் ஓடும் தர்க்கம் ஒன்றுதான். முன்பணம் வாங்கும் நிறுவனத்துக்கு மூன்று லாபம்: காசு முன்னாடியே கைக்கு வருகிறது, எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது, வாங்கியவர்களில் சிலர் கடைசிவரை சாப்பிடாமலே போய்விடுகிறார்கள். முதல் இரண்டும் நேர்மையான லாபம். அதற்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதும் நியாயமான வியாபாரம்தான். மூன்றாவதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

எப்போது சாப்பிடுவது?

பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு மணி அடித்தால் ஊரே உணவுக்கூடத்தில் நிற்கும். டிக்கெட் 1,000 ரூபாய், பூங்கா ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தின் விலை சுமார் 143 ரூபாய். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் 40 நிமிடம் நின்றால் 95 ரூபாய் போச்சு. திட்டத்தில் பிடித்த மிச்சம் அந்த வரிசையிலேயே கரைந்துவிடும். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் அந்த ஒரு மணி முதல் இரண்டு மணி வரைதான் பெரிய ராட்டினங்களில் கூட்டம் குறைந்திருக்கும் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல்.

ஆகவே திட்டம் வாங்கும் முன் பார்க்க வேண்டியது, சாப்பாடு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை. 12-க்கே ஆரம்பித்து மூன்று வரை உண்டு என்றால் நல்லது. 12 மணிக்கே முடித்துக்கொள்ளலாம், அல்லது இரண்டரைக்குப் போகலாம். இரண்டரைக்குப் போனால் பஃபேயில் காலியான பாத்திரத்தை மறுபடி நிரப்புவார்களா என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி முதல் இரண்டு மணிவரை மட்டும்தான் என்று கூப்பனில் அச்சடித்திருந்தால், அந்தத் திட்டத்தை விட்டுவிடுவதே மேல்.

இன்னொன்று, மதுரை வெயில். அக்னி நட்சத்திர நாளில் தண்ணீரிலும் வெயிலிலும் மாறி மாறி ஆடுபவருக்குப் பசியைவிடத் தாகம்தான் அதிகம் எடுக்கும். மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுத் தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குப் பொங்கலும் வடையும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வந்த குடும்பம், மதியம் லேசாக ஏதாவது கடித்துக்கொண்டு, ஆறு மணிக்கு வெளியே வந்து நல்ல கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம். பரவையிலிருந்து ஊருக்குள் வந்துவிட்டால் பன் பரோட்டாவும் கறி தோசையும் காத்திருக்கும் ஊர் இது. வெளியே இவ்வளவு நல்ல சாப்பாடு இந்த விலைக்குக் கிடைக்கும்போது, உள்ளே பஃபேக்கு முன்பணம் கட்ட மதுரைக்காரருக்குக் காரணம் குறைவு. கொச்சிக்கோ சென்னைக்கோ வேனில் விடிகாலையில் போய் இறங்குபவர் கதை வேறு. காலைச் சாப்பாடு வழியில் அரைகுறையாகப் போயிருக்கும்; அவருக்கு உள்ளே ஒரு முழுச் சாப்பாடு உறுதியாக இருப்பது நிம்மதி.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். கட்டுச்சோறு இல்லாத பயணமே கிடையாது என்ற ஊரில், 'வெளி உணவுக்கு அனுமதியில்லை' என்ற பலகை இன்னும் பலருக்கு உறுத்துகிறது. அந்தப் பலகை இருப்பதால்தான் இந்தத் திட்டங்களே விற்கின்றன.

பலகை சட்டப்படி சரியா?

திரையரங்கு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று இதைத் தொட்டது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல் வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திரையரங்கு தனியார் இடம், உள்ளே வருவதற்கு உரிமையாளர் நிபந்தனை வைக்கலாம் என்றது. அதே சமயம், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் பதிவானது. தீர்ப்பு திரையரங்கைப் பற்றியதுதான், பூங்காவைப் பற்றியதல்ல. ஆனால் ஏழு மணி நேரம் வெயிலில் நிற்க வைக்கும் இடத்துக்கு, மூன்று மணி நேரம் ஏசியில் உட்கார வைக்கும் இடத்தைவிடக் குறைந்த பொறுப்பு இருக்க முடியாது. இலவசக் குடிநீர்க் குழாய் எங்கே என்று நுழைவாயிலிலேயே கேளுங்கள். சாப்பாட்டுத் திட்டத்தில் 'ஒரு தண்ணீர் பாட்டில் இலவசம்' என்று போட்டு அதற்கும் ஒரு மதிப்பைக் காட்டியிருந்தால், அந்த மதிப்பைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில் என்றதும் எம்ஆர்பி கேள்வி வரும். கடையில் பாக்கெட் பொருளை எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது. ஆனால் ஓட்டல், உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது இது பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூங்காவுக்குள் இருக்கும் உணவகமும், ஓரமாக பாட்டில் விற்கும் கடையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. பூங்கா நுழைவுக் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. உணவகச் சாப்பாட்டுக்கு வழக்கமாக 5. இரண்டையும் பிரிக்காமல் ஒரே விலையில் ஒரே டிக்கெட்டாக விற்றால், கூட்டாக விற்பதற்கான ஜிஎஸ்டி விதிப்படி அந்த மொத்தத்துக்கும் 18 சதவீதம் விழ வாய்ப்புண்டு. 400 ரூபாய் சாப்பாட்டுக்கு 20 ரூபாய் வரி கட்ட வேண்டிய இடத்தில் 72 ரூபாய். வித்தியாசம் தலைக்கு 52 ரூபாய். பில்லில் டிக்கெட் தனி, சாப்பாடு தனி என்று இரண்டு வரியாக இருக்கிறதா என்று பணம் கட்டும் திரையிலேயே பார்த்துவிடலாம்.

அந்தத் திரையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாம் தொடாமலே சாப்பாட்டுக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இணைய விற்பனையின் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கடைசித் திரையில் விலையை ஏற்றுவது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் அடக்கம். "வேண்டாம், நான் பசியோடு இருந்துகொள்கிறேன்" என்று பொத்தானில் எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

கையில் மாட்டும் பட்டை

சில பூங்காக்களிலும் மால் உணவுக்கூடங்களிலும் திட்டத்துக்குப் பதில் கார்டு அல்லது கைப்பட்டையில் பணம் ஏற்றச் சொல்வார்கள். இது ஜிபே, போன்பே வாலட் மாதிரிதானே என்று நினைக்க வேண்டாம். வெளியிட்டவரிடம் மட்டுமே செல்லும் இந்த வகையை ரிசர்வ் வங்கி 'மூடிய' வகை என்கிறது. இதற்கு அதன் அனுமதியே தேவையில்லை. வாலட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு விதிகளை இதில் எதிர்பார்க்க முடியாது. மிச்சப் பணம் திரும்ப வருமா, பணமாகவா, அடுத்த வருகைக்கான கூப்பனாகவா, எந்த கவுன்டரில், எத்தனை மணிவரை? கவுன்டர் ஐந்தரைக்கு மூடி, பூங்கா ஆறுக்கு மூடினால் அந்த அரை மணி நேரத்தில் நிறையப் பேரின் 70, 80 ரூபாய்கள் நின்றுவிடும். ஐநூறு ஏற்றச் சொன்னால் இருநூறு ஏற்றுங்கள். தீர்ந்தால் மறுபடி போய் நிற்கலாம்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. வளாகங்களிலிருந்து டீம் அவுட்டிங் கிளம்பும் கூட்டத்துக்கு இந்தத் திட்டம் நன்றாகவே பொருந்தும். அறுபது பேர் தனித்தனியாக வரிசையில் நின்று வாங்கினால் அரை நாள் போய்விடும். ஆனால் பொறுப்பேற்று புக் பண்ணும் அந்த ஒரு அப்பாவி, கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் பேசுவது போலப் பேச வேண்டும். அங்கே இலைக்கணக்கு: எத்தனை இலை விழுந்ததோ அத்தனைக்குக் காசு, குறைந்தபட்சம் இத்தனை இலை என்று ஒரு உறுதி. பூங்காவிடமும் அதையே கேளுங்கள். அறுபது சொல்லி ஐம்பத்திரண்டு வந்தால் எட்டுக்கும் கட்ட வேண்டுமா? எண்ணிக்கையைத் திருத்த எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? சைவம் எத்தனை, அசைவம் எத்தனை, இரண்டுக்கும் ஒரே விலையா? புரட்டாசியில் போகிற டீமில் பாதிப் பேர் சாம்பார் சாதத்துக்கு மட்டன் பிரியாணி விலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள், எச்.ஆர். அனுப்பும் ஃபோட்டோவில் அது தெரியாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இன்னும் கவனம் வேண்டும். நிறையப் பிள்ளைகள் தனியாகக் காசு கொண்டுவர மாட்டார்கள். அந்தக் கூப்பன்தான் அவர்களுக்கு அன்றைய முழுச் சாப்பாடு. 'ஒரு முறை மட்டும் பரிமாறப்படும்' என்ற திட்டத்தை அவர்களுக்கு வாங்கவே கூடாது.

பூங்காக்கள் செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. உள்ளே விற்கும் சாப்பாட்டின் விலைப்பட்டியலை இணையதளத்தில் போட்டாலே போதும், வாங்குபவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். திட்டத்தின் விலையை மட்டும் காட்டி, எதோடு ஒப்பிடுவது என்பதை மறைப்பது நல்ல வியாபாரம் அல்ல. முதியவர்களுக்கு ஒரு சிறு தட்டு விலை, பயன்படுத்தாத கூப்பனுக்கு அன்றே பணம் என்ற இரண்டையும் செய்தால் அம்மாக்களை அழைத்துவரும் பிள்ளைகள் தயக்கமில்லாமல் டிக் போடுவார்கள். இன்றைக்கு அம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று பார்க்கும் அம்மாக்களே, "நான் பட்டினியாக இருந்துக்குறேன், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வாங்கிய சாப்பாடு கிடைக்கவில்லை, சொன்ன நேரத்துக்கு முன்பே கூடத்தை மூடிவிட்டார்கள் என்றால் கூப்பனைக் கிழிக்காமல், மூடிய கதவையும் நேரத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டு சட்டத்தில் உள்ள இன்னொரு வசதி நிறையப் பேருக்குத் தெரியாது: பூங்கா கொச்சியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர் மதுரையிலேயே மனு கொடுக்கலாம்.